ஓடும் நீரும் ஒளிப்படமும்

உலகில் ஒரு கணமும் நில்லாத பொருள் ஓடும் நீர். ஒரு கணத்தை நிறுத்தி வைப்பதற்கென்றே மனிதன் கண்ட கருவி ஒளிப்படக் கருவி. இவ்விரண்டும் எதிர்ப்பட்டபோது என்ன நேர்ந்தது, நம் நாட்டு ஓடைகளும் அருவிகளும் ஆறுகளும் முதன்முதலாகத் தாளிலும் கண்ணாடித் தகட்டிலும் எவ்வாறு பதிந்தன, அப்பதிவுகள் இன்று நமக்குச் சொல்வன யாவை என்பனவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொழுதுபோக்குக்குரிய சிறு பொருள் இது என்று சிலர் எண்ணக்கூடும். தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இது சிறு பொருள் அன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பெட்டியில் வைத்துக் காக்கும் பழைய படங்களை எடுத்து நோக்கின், ஆற்றங்கரையிலோ அருவியடியிலோ எடுத்த படம் ஒன்றிரண்டேனும் அவற்றுள் இருக்கக் காணலாம். கோடை விடுமுறைக்கு ஊர் சென்றபோது எடுத்த படங்கள் அவை. அப்படங்களில் நிற்கும் மனிதர்களை நாம் அடையாளம் காண்கிறோம்; அவர்களுக்குப் பின்னால் ஓடும் நீரை எவரும் உற்று நோக்குவதில்லை. அந்த நீருக்கும் ஒரு வரலாறு உண்டு.

சொல்லால் எழுதிய ஓவியம்

ஓடும் நீரைப் பெயரிட்டு அழைப்பதில் தமிழைப் போல் நுட்பம் காட்டிய மொழிகள் சிலவே. மலையினின்று வீழ்வது அருவி. பாறையிடையே ஊறி நிற்பது சுனை. சிறிதாய் ஓடுவது ஓடை. பெருகி நடப்பது ஆறு. அதனின்று பிரிந்து வயலுக்குச் செல்வது கால். ஆழ்ந்து தேங்குவது மடு. மக்கள் இறங்கி நீராடுவது துறை. இன்று பலரும் வழங்கும் ‘நீர்வீழ்ச்சி’ என்னும் சொல் பிற்கால ஆக்கம். அருவி என்னும் அழகிய பழஞ்சொல் இருக்க, வீழ்ச்சி என்னும் சொல்லை நாம் ஏன் தேடிச் சென்றோம் என்று வியக்கத் தோன்றுகிறது.

ஒளிப்படக் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் புலவர்கள் ஓடும் நீரைச் சொல்லில் பிடித்து வைத்தனர். பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் 8 பாடல்கள் வையையைப் பற்றியன. புதுப்புனல் வரும் வேகமும், கரை உடையுமோ என்னும் அச்சமும், மதுரை மக்கள் நீராடத் திரளும் ஆரவாரமும் அவற்றில் பேசப்படுகின்றன. திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலையின் அருவியை வருணித்து முடிகிறது. மேலிருந்து கீழ்வரை அருவி எவற்றையெல்லாம் புரட்டி வருகிறது, எந்தெந்த விலங்கு அஞ்சி ஓடுகிறது என்று நக்கீரர் அடுக்கிச் செல்கையில், நாம் ஓர் அசையும் படத்தையே காண்கிறோம். மலைபடுகடாம் என்னும் நூற்பெயரே மலையில் எழும் ஓசைகளைக் குறிப்பது. அதில் அருவி கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் விருந்தாகிறது.

வீழும் அருவியை வெண்துகிலுக்கு ஒப்பிடுதல் பழந்தமிழ்ப் புலவர் மரபு. இவ்வுவமையை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஒளிப்பட வரலாற்றில் இதனை மீண்டும் ஓர் எதிர்பாராத இடத்தில் காண்போம்.

சொல்லுக்குப் பின் வந்தது தூரிகை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர், சிறிய தந்தையும் அண்ணன் மகனுமாகிய உறவினர், 1792ஆம் ஆண்டு தென்னாட்டில் பயணம் செய்தனர். திருநெல்வேலிச் சீமையில் பாபநாசத்து அருவியை அவர்கள் வரைந்தனர். அவ்வோவியம் பின்னர் இலண்டனில் அச்சாகி வெளிவந்தது. ஓவியர் தம் விருப்பம்போல் ஒரு மரத்தைக் கூட்டலாம், ஒரு பாறையைக் குறைக்கலாம். ‘உள்ளது உள்ளவாறு’ காட்டும் கருவி வந்தால் நன்றாயிருக்குமே என்னும் ஏக்கம் அக்காலத்து அறிஞரிடையே இருந்தது. அவ்வேக்கம் 1839ஆம் ஆண்டில் நிறைவேறியது.

மதுரைக்கு வந்த கருவி

பிரான்சு நாட்டில் தாகேர், இங்கிலாந்தில் தால்பட் ஆகிய இருவரும் தத்தம் ஒளிப்பட முறைகளை உலகுக்கு அறிவித்தது 1839ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டுக்குள்ளாகவே இக்கலை கல்கத்தாவை எட்டிவிட்டது. 1854ஆம் ஆண்டில் பம்பாயிலும், 1856ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைச் சங்கம் அமைவதற்கு முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். 1850ஆம் ஆண்டில் சென்னையில் ஓவியப் பள்ளியை நிறுவியவரும் அவரே.

அதே 1856ஆம் ஆண்டில் லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்துறை அதிகாரி சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். முந்திய ஆண்டில் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்துத் திரும்பியவர் அவர். 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில், கருவிகளையும் வேதிப்பொருள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை ஆகிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கியவர் அவர். கல்வெட்டு ஆய்வாளர் அவருக்குக் கடன்பட்டுள்ளனர்.

நம் பொருளுக்கு வேண்டிய படம் மதுரைத் தொகுப்பில் உள்ளது. வைகையாறும், அதன் குறுக்கே மதுரைக்குச் செல்லும் தரைப்பாலமும் அப்படத்தின் பொருள். 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது அது. இவ்வாண்டின் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று நாம் மதுரையில் காணும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889ஆம் ஆண்டில்தான் எழுந்தது. பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பிய அணை 1895ஆம் ஆண்டில் முடிந்தது. வைகை அணையோ 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆகவே ட்ரைப் கண்டது பெரியாற்று நீர் கலவாத, அணையால் தடுக்கப்படாத, பருவ மழையை மட்டுமே நம்பி நடந்த பழைய வைகை. பரிபாடற் புலவர்கள் கண்ட வையையின் இயல்பை, பின்னாளில் மாற்றியமைக்கப்படுவதற்கு முன், ஒரு கண்ணாடி வில்லை கண்டு பதிந்த தருணம் அது. உ. வே. சாமிநாதையர் பரிபாடலை அச்சிட்டு வெளியிட்டது 1918ஆம் ஆண்டில். வையையைப் பாடிய ஏடுகள் அச்சேறுவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே வையையின் ஒளிப்படம் அச்சேறிவிட்டது!

எனினும் ட்ரைப் எடுத்த படங்களில் நீர் ஓடுவதாகத் தோன்றாது. அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகு ஊட்டிய தாள். அத்தாளில் உருவம் பதிய நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை நேரம் அசையாது நிற்கும் கோபுரமும் மண்டபமும் தெளிவாகப் பதியும். நடப்போரும் ஓடும் நீரும் பதிய மாட்டா. அரசும் இம்முயற்சியை நெடுநாள் ஆதரிக்கவில்லை. செலவு மிகுதி எனக் கருதிய ஆளுநர் டிரெவிலியன் காலத்தில் ட்ரைப்பின் பணி நிறுத்தப்பட்டது.

நீரைப் படமெடுக்க நீர்

தாளை வென்று வந்தது ஈரத் தகட்டு முறை. இதன் செய்முறையை அறிந்தாலன்றி அக்காலக் கலைஞர் பட்ட பாடு நமக்கு விளங்காது. கண்ணாடித் தகடு ஒன்றைத் துடைத்து, அதன்மேல் கொலோடியன் என்னும் பசை போன்ற நீர்மத்தைச் சீராகப் பரப்ப வேண்டும். பின்பு இருட்டில் அதனை வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் காயுமுன் கருவியில் செருகிப் படமெடுத்து, ஈரம் காயுமுன்னரே மீண்டும் இருட்டறைக்குக் கொண்டு சென்று உருவத்தை வெளிப்படுத்த வேண்டும். இவையனைத்துக்கும் கிடைக்கும் காலம் பத்துப் பதினைந்து நிமிடங்களே. நம் நாட்டு வெயிலில் அதுவும் குறையும்.

எனவே அருவியைப் படமெடுக்க விரும்புவோர் இருட்டறையையே அருவிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. கூடாரம், கண்ணாடித் தகட்டுப் பெட்டிகள், மருந்துக் குப்பிகள், பெரிய மரக்கருவி, முக்காலி ஆகிய அனைத்தும் கூலியாட்களின் தோளில் ஏறிச் சென்றன. இத்துணைச் சுமையோடு மற்றொரு தேவையும் இருந்தது. உருவம் வெளிப்பட்ட தகட்டை நல்ல நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கழுவுதல் குறையின் மருந்து எஞ்சி நின்று நாளடைவில் படத்தை அரித்துவிடும். எந்த ஓடை படத்துக்குப் பொருளாயிற்றோ, அதே ஓடையின் நீரே படத்தைக் கழுவுதற்கும் பயன்பட வாய்ப்பிருந்தது. ஓவியனுக்கு வேண்டாத இவ்வுதவி ஒளிப்படக் கலைஞனுக்கு இன்றியமையாததாயிற்று.

இம்முறையைக் கையாண்டோருள் இந்தியாவில் புகழ் மிக்கவர் சாமுவேல் போர்ன். நாட்டிங்காம் நகரில் வங்கி எழுத்தராக இருந்த இவர் 1863ஆம் ஆண்டில் கல்கத்தா வந்திறங்கினார். அவ்வாண்டே சிம்லாவிலிருந்து ஏறத்தாழ 30 சுமையாட்களுடன் சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே பத்து வாரம் நடந்து, 147 தகடுகளுடன் திரும்பினார். மறு ஆண்டில் காசுமீரம் சென்றார். 1866ஆம் ஆண்டில் மூன்றாம் பயணத்தை மேற்கொண்டு, 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாயில் கருவியை நிறுத்திப் படமெடுத்தார். அத்துணை உயரத்தில் அதற்குமுன் எவரும் படமெடுத்ததில்லை. அப்பயணத்தின் முடிவில் அவர் சென்று சேர்ந்த இடம் கங்கையின் பிறப்பிடமாகிய கோமுகம். பனிப்பாறையின் வாயிலிருந்து பாகீரதி வெளிப்படும் காட்சியை அவர் பதிந்தார். காசி யாத்திரையைப் பிறவிப் பயனாகக் கருதிய நம் முன்னோருட் பலரும் கண்டிராத காட்சி அது.

போர்ன் தம் பயண அனுபவங்களை இங்கிலாந்தின் ஒளிப்பட இதழுக்குக் கட்டுரைகளாக எழுதி அனுப்பினார். இமயத்தின் பெரும்பகுதி தம் கண்ணுக்கு நிறைவளிக்கவில்லை என்று அவர் குறைப்பட்டதுண்டு. ஏரியும் தெளிந்த ஓடையும் சோலையும் அமைந்த ஆங்கில நாட்டுப்புறத்தின் அழகையே அவர் கண்கள் தேடின. காசுமீரம் அவருக்குப் பிடித்ததற்கும் அதுவே காரணம். ஆகவே நம் நாட்டு ஆறுகளின் பழைய படங்கள் வேற்று நாட்டுக் கண்களின் விருப்பு வெறுப்போடு கூடியவை என்பதை மறத்தல் ஆகாது. சுமை தூக்கிச் சென்றவர்கள் அந்த ஆறுகளை எவ்வாறு கண்டார்கள் என்பதை எழுதி வைப்பார் எவருமிலர்.

அவர் கூட்டாளியாய் நிறுவிய போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையம் கல்கத்தாவில் ஒன்றரை நூற்றாண்டு நிலைத்திருந்தது. 1991ஆம் ஆண்டின் தீவிபத்தில் அங்கிருந்த அரிய தகடுகள் பல அழிந்தன. 2016ஆம் ஆண்டில் நிலையம் மூடப்பட்டது.

வெண்துகில் மீண்டது

ஈரத் தகடு தாளைவிட விரைவானது. ஆயினும் ஒரு காட்சி பதியச் சில நொடிகளேனும் ஆகும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் அடியைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் செல்லும். கருவியின் கண் இரண்டு நொடி திறந்திருப்பின், அதற்குள் 20 மீட்டர் நீளமுள்ள நீரொழுக்கு அவ்விடத்தைக் கடந்துவிடும். துளிகள் தனித்தனியே பதியாமல் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, ஒரே வெண்பரப்பாகத் தோன்றும். பாறைகள் கூர்மையாய் இருக்க, அவற்றின்மேல் யாரோ மெல்லிய வெள்ளாடையை விரித்தாற்போல் அருவி தொங்கும்.

புலவர் கண்ட வெண்துகில் கருவியின் கண்ணிலும் இங்ஙனம் புலப்பட்டது. கருவியின் இயலாமையால் நேர்ந்த இவ்விளைவைக் காண்போர் விரும்பத் தலைப்பட்டனர். இன்றும் கலைஞர் பலர், விரைந்த கருவி கையிலிருந்தும், கண்ணாடி வில்லையின் முன் கரும்பலகை போன்ற வடிகட்டியைப் பொருத்தி ஒளியைக் குறைத்து, வேண்டுமென்றே பல நொடிகள் திறந்து வைத்து அருவியைத் துகிலாக்குகின்றனர். அன்று குறையாக இருந்தது இன்று அழகாயிற்று.

மற்றொரு குறையும் அக்காலத் தகட்டுக்கு இருந்தது. நீல ஒளியை அது மிகுதியாக ஏற்கும். பச்சையையும் சிவப்பையும் ஏற்காது. ஆதலின் மரங்கள் இருண்டும் வானம் வெறுமையாய் வெளுத்தும் தோன்றின. முகில் இல்லாத வெற்று வானத்தைக் கண்டு மனம் பொறாத ட்ரைப், தம் மூலத்தாளில் தூரிகையால் முகில்களைத் தீட்டியதுண்டு. ‘உள்ளது உள்ளவாறு’ காட்ட வந்த கருவியும் ஓவியனின் கையை முற்றிலும் உதறிவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மலையருவியும் மின்விளக்கும்

நீலகிரியில் ஆங்கிலேயர் குடியேற்றம் பெருகியபின் அங்கும் ஒளிப்பட நிலையங்கள் தோன்றின. சென்னையின் நிக்கலஸ் நிறுவனமும், உதகையில் நெடுங்காலம் தொழில் நடத்திய ஏ. டி. டபிள்யூ. பென் என்பவரும் மலைக்காட்சிகளைப் படமாக்கி விற்றனர். தாயகம் திரும்பும் ஆங்கிலேயர் நினைவுக்காக வாங்கிச் சென்ற அப்படத் தொகுப்புகளில் அருவிகளும் ஓடைகளும் தவறாது இடம்பெற்றன. இன்று அவற்றுட் பல இங்கிலாந்து நூலகங்களில் உள்ளன. நம் மலைநீரின் பழைய முகத்தைக் காண நாம் கடல் கடக்க வேண்டியுள்ளது.

இப்படங்கள் எடுக்கப்பட்ட சில பத்தாண்டுகளுள் அருவியைக் காணும் கண்ணே மாறிற்று. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்க வயலை அடைந்தது. அவ்வயலில் உழைத்தோரில் பெரும்பகுதியினர் தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். ஊரில் வயலுக்குப் பாய்ந்த அதே காவிரி, அயலூரில் நிலத்தடியில் அவர்களுக்கு விளக்காயிற்று. 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காராவும், 1944ஆம் ஆண்டில் டேனியல்கள் வரைந்த பாபநாசமும், 1948ஆம் ஆண்டில் சராவதியின் சோக் அருவியும் மின்னாக்கத்துக்கு வந்தன.

இதனால் நாடு பெற்ற நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வாண்டுகளுக்கு முன்பு எடுத்த அருவிப் படமும், பின்பு எடுத்த அருவிப் படமும் ஒன்றல்ல. முன்னதில் வீழும் நீர் மழையின் அளவைக் காட்டும். பின்னதில் வீழும் நீர் மதகைத் திறந்தவரின் முடிவையும் சேர்த்துக் காட்டும். படத்தின் பின்புறம் ஆண்டு குறிக்கப்படாவிடின் இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

எளியோர் கைக்கு வந்த கலை

1871ஆம் ஆண்டில் ரிச்சர்டு மேடாக்ஸ் என்னும் மருத்துவர் கண்ட உலர்தகட்டு முறை ஒளிப்படக் கலைஞரைக் கூடாரச் சுமையிலிருந்து விடுவித்தது. 1888ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடக் கருவியும், 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லைக்கா கருவியும் இக்கலையைக் கைக்கு அடக்கமாக்கின. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கண் திறக்கும் கருவி வந்தபோது, நாம் மேலே கண்ட வேகத்தில் வீழும் நீர் அந்நேரத்துள் ஒரு சென்டிமீட்டரே நகர்ந்தது. துகில் கிழிந்து துளிகளாயிற்று. மனிதக் கண் ஒருபோதும் கண்டிராத வடிவில், முத்துமணிகளாய்ச் சிதறி நிற்கும் நீரைக் கருவி காட்டியது.

நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு இக்கலை எட்டியது ஆக்ஃபா கிளிக் போன்ற எளிய கருவிகளின் வாயிலாக. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். ஆதலின் ஒவ்வொரு படத்துக்கும் குடும்பமே கூடிக் கலந்தாய்ந்தது. குற்றாலத்துச் சாரலில் கருவி நனையாதிருக்க மாமா துண்டால் மூடிப் பிடித்துக்கொள்ள, பாட்டியை நடுவில் அமர்த்தி, பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி எடுத்த படங்கள் எத்தனை இல்லங்களில் உள்ளன! அக்கருவியின் கண் நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருக்கும். ஆகவே அப்படங்களில் அருவி துகிலாகவும் இல்லாமல் துளியாகவும் இல்லாமல் இரண்டுக்கும் இடைப்பட்டுச் சற்றே மங்கித் தோன்றுவது இயல்பு. அது எடுத்தவர் குறையன்று.

உதகையில் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு 1967ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் ஒளிப்படச்சுருள் ஆலையையும் ஈண்டு நினைத்தல் தகும். ‘இந்து’ என்னும் பெயரில் அது வெளியிட்ட கறுப்பு வெள்ளைச் சுருள்கள் நாடெங்கும் பரவின. படச்சுருள் செய்வதற்குத் தூசியற்ற காற்றும் தூய நீரும் வேண்டும். நீலகிரியின் அருவிகளை வேற்று நாட்டார் படமெடுத்த காலம் போய், நீலகிரியிலேயே செய்த சுருளில் நம்மவர் தம் ஊர் ஓடைகளைப் படமெடுத்த காலம் வந்தது. எண்ணியல் கருவிகளின் வருகைக்குப்பின் அவ்வாலையும் மூடப்பட்டது.

எழுத்தாளர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் தாமே பல உறுப்புகளை இணைத்து அமைத்துக்கொண்ட கருவியால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். எந்த விலங்கையும் அது வாழும் காட்டோடும் நீரோடும் சேர்த்தே காண வேண்டும் என்னும் நோக்கு அவருடையது. ஒளிப்படத்தை இயற்கை அறிவுக்குத் துணையாக்கிய தமிழர் வரிசையில் அவர் முன்னிற்பவர்.

படம் சொல்லும் சான்று

இனி, இப்படங்களால் விளையும் பயன் யாது என்பதை நோக்குவோம். கோமுகத்தில் போர்ன் 1866ஆம் ஆண்டில் எடுத்த படம் இன்று பனிப்பாறை ஆய்வாளருக்குச் சான்றாகிறது. 1935ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் துறையின் ஆடன் என்பார் அப்பனிப்பாறையின் முகப்பை அளந்து குறித்தார். அதற்குப்பின் முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கியுள்ளது. அழகு கருதி எடுத்த படம் அறிவியல் ஆவணமாயிற்று.

நம் பக்கத்து நொய்யலை எண்ணிப் பாருங்கள். திருப்பூரின் பனியன் தொழில் பல்லாயிரவருக்கு வாழ்வளித்தது. அத்தொழிலின் சாயக்கழிவு அவ்வாற்றைக் கெடுத்தது. பாசனத்துக்கென 1992ஆம் ஆண்டில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் வயலுக்கு உதவாததாயிற்று. கழிவைத் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆற்றில் ஒரு காலத்தில் தெளிந்த நீர் ஓடியது, பிள்ளைகள் குதித்து நீந்தினர் என்று இன்றைய இளைஞனிடம் கூறின் அவன் ஐயுறக்கூடும். யாரேனும் ஒருவர் இல்லத்தில் கிடக்கும் பழைய படம் ஒன்று அவ்வையத்தைத் தீர்த்துவிடும்.

ஆயினும் ஒரு எச்சரிக்கை தேவை. படம் பொய் சொல்லாது என்பர். முழு உண்மையையும் அது சொல்லிவிடாது. சித்திரை மாதத்து வைகையைப் படமெடுத்து, ஆறு செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஐப்பசி வெள்ளத்தைப் படமெடுத்து, குறையேதும் இல்லை என்றும் சொல்லிவிடலாம். இரண்டும் உண்மைப் படங்களே. இரண்டும் தவறான முடிவுகளே. வைகை என்றுமே ஆண்டு முழுதும் கரைபுரண்ட ஆறன்று. புதுப்புனலின் வரவைப் புலவர்கள் விழாவாகக் கொண்டாடினர் எனின், அந்நீர் எப்போதும் ஓடாதது என்பதும் அதனுள் அடங்கும் அன்றோ? எனவே ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், பல ஆண்டுகள் எடுத்த படங்களை ஒப்பு நோக்கினால் மட்டுமே உண்மை புலப்படும். தனிப்படம் நினைவுக்கு உதவும். வரிசைப்படமே வரலாற்றுக்கு உதவும்.

நாம் செய்யத்தக்கது

ஊரில் வாழ்வோர் ஆற்றை நாள்தோறும் காண்பதால் அதன் மாற்றம் அவர்கள் கண்ணுக்குப் படிப்படியாகவே தெரியும். ஆண்டுக்கொருமுறை செல்லும் நமக்கோ அது பளிச்செனத் தெரிகிறது. மணல் குறைந்ததும், படித்துறை இடிந்ததும், முள் மரம் படர்ந்ததும் நம் கண்ணில் முதலில் படுகின்றன. ‘ஊரை விட்டுப் போனவருக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும்’ என்று நம்மைக் கேட்பதுண்டு. இடைவெளி விட்டுக் காண்பவனுக்கும் ஒரு பார்வை உண்டு என்பதே நம் விடை. பெரும்பாலும் ஒரே பள்ளி விடுமுறைக் காலத்தில் நாம் ஊர் செல்வதால், நம்மை அறியாமலே ஒரே மாதத்தில் எடுத்த வரிசைப் படங்களை நாம் சேர்த்து வைத்திருக்கிறோம். இது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நாம் உணரவில்லை.

ஆகவே அன்பர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, இல்லத்திலுள்ள பழைய ஆற்றங்கரைப் படங்களை எடுத்து, முதியோர் நம்மோடு இருக்கும்போதே, இடம், துறையின் பெயர், ஆண்டு, மாதம் ஆகியவற்றைக் கேட்டு அவற்றின் பின்புறம் மென்கரிக்கோலால் எழுதி வைத்தல். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும், கரிக்கோல் கெடுக்காது. இரண்டாவது, அடுத்த முறை ஊர் செல்லும்போது, பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று அதே திசை நோக்கி மற்றொரு படம் எடுத்தல். கைப்பேசியே போதும். முகங்களோடு நில்லாமல், நீரும் கரையும் எதிர்க்கரை மரமும் தெரியும்படி ஒரு படமேனும் எடுக்க வேண்டும். மூன்றாவது, இவ்விரட்டைப் படங்களின் படிகளைத் தமிழ்ச் சங்க நூலகங்களில் ஊர்வாரியாகத் தொகுத்தல். நாட்டின் பல நகரங்களில் நூலகத்தோடு விளங்கும் நம் சங்கங்களுக்கு இது இயலாத பணியன்று.

மலையருவியின் ஓசையைப் பிள்ளைகளுக்கு ஊட்ட நம்மால் இப்போது இயலாதிருக்கலாம். மாடிக் குடியிருப்பில் குழாய் நீரைக் கண்டு வளரும் அவர்களுக்கு, அருவி, ஓடை, சுனை, துறை என்னும் சொற்கள் தேர்வுத்தாளின் அருஞ்சொற்பொருளாகவே நின்றுவிடும் அச்சமும் உண்டு. ஒரு பழைய படத்தை அவர்கள் கையில் கொடுத்து, இது தாத்தா நீந்திய மடு, இது அத்தை குடம் இறக்கிய துறை, இந்தக் கால்வாய் நம் வயலுக்குப் போயிற்று என்று சுட்டிக் காட்டினால், சொல்லும் பொருளும் ஒருங்கே அவர்களைச் சேரும். நீர் ஓடிக் கடல் சேர்ந்திருக்கலாம். அதன் பெயரேனும் நம் இல்லங்களில் தங்கட்டும்.